கூனிப்புல் சுமந்தவள்

இடது கை அரித்தது. கொசு என்று நினைத்தேன். அங்கன்வாடி மையத்துக் குழந்தைகளுக்கு மதிய முட்டையை உரித்துக்கொண்டிருந்தபோது மறுபடியும் அரித்தது. தோலின் மேல் அல்ல; உள்ளே, நகம் போய்த் தொட முடியாத ஆழத்தில்.

“என்ன டீச்சர், கையில அறுவடை வந்துருச்சா?” என்றாள் இருளாயி. அங்கன்வாடியில் எனக்கு உதவியாள், சமைப்பவள். எதையும் முதலில் கேலி செய்துவிட்டுத்தான் கவலைப்படுவாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கைக்குள் கூனிப்புல்லின் விதைகள் இருந்தன. உலகத்தில் அந்தப் புல்லுக்கு வேறு விதை கிடையாது.

கூனித்தீவு எங்கள் கரையிலிருந்து பார்த்தால் தெரியும். பவளச் சல்லியும் மணலும் சேர்ந்த ஒரு மேடு, அவ்வளவுதான். அந்த மேட்டில் மட்டும் ஒரு புல் முளைத்தது. பார்வைக்கு ஒன்றுமில்லை. சாமைப் பயிரைக் குட்டையாக்கிச் சாம்பல் பூசியதுபோல் இருக்கும். விதையின் நுனியில் ஓர் ஊசி. காலில் ஏறினால் லேசில் வராது. கடலுக்குப் போகிறவர்கள் அதைத் திட்டியிருக்கிறார்கள். அதற்கு மேல் யாரும் அதைப் பற்றி நினைத்ததில்லை. கடல் ஏறத் தொடங்கிய வருடங்களில், எங்கள் ஊரின் முதல் தெரு தண்ணீருக்குள் போன அதே மழைக்காலத்தில், தீவும் போனது. இப்போது அதன்மேல் வள்ளம் ஓடுகிறது.

தீவு போகும் முன்பே டாக்டர் ஹில்டா கொஞ்சம் விதை எடுத்து வந்துவிட்டார். தாவர ஆராய்ச்சிக்காக நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிப்போனவர் அவர். ஆனால் அந்த விதைகளை எப்படி வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. உலர்த்தினால் செத்தன. குளிரில் வைத்தால் செத்தன. மண்ணில் போட்டால் அழுகின. மருந்து கொடுத்து முளைக்க வைத்தவை இரண்டாவது இலையில் கருகின. எல்லாம் தீரப்போகிற நேரத்தில், கீழக்கரை பக்கீர் காக்காவின் கணுக்காலில் ஒரு கட்டி வந்தது. அதைக் கீறியபோது உள்ளிருந்து ஒரு கூனிப்புல் விதை வந்தது. அவர் தீவுக்குப் போவதை விட்டு வருடங்கள் ஆகியிருந்தன. விதை உயிரோடு இருந்தது.

“மனுஷ ரத்தத்துக்க சூடும் உப்பும்தான் அதுக்கு வேணும், கேட்டியா? ஃப்ரிட்ஜ்ல சாவுது. மனுஷனுக்குள்ள உறங்குது” என்று ஹில்டா எனக்கு விளக்கியிருக்கிறார்.

சுமப்பாளர்கள் என்ற ஏற்பாடு அப்படித்தான் வந்தது. நம் தோலில் ஒரு துணுக்கை எடுத்து, ஆய்வகத்தில் மெல்லிய உறையாக வளர்ப்பார்கள். வளர ஆறு மாதம் ஆகும். விதைகளை அதற்குள் வைத்து மேல்கையின் உட்பக்கத்தில், தோலுக்கு அடியில் பொருத்திவிடுவார்கள். கருத்தடைக் குச்சி வைப்பது போலத்தான். தடவினால் ஒரு நெத்திலி படுத்திருப்பதுபோல் தெரியும். சில மருந்துகளைத் தொடக்கூடாது. சில ஸ்கேன்களுக்குள் போகக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை பெற வாய்ப்புள்ள பெண்களுக்கு வைக்கக்கூடாது.

அந்தக் கடைசி விதியால்தான் நான் உள்ளே போனேன். மதுரை வரை போய்ப் பார்த்துவிட்டோம். எனக்குப் பிள்ளை பிறக்காது என்று பெரிய டாக்டர் சொன்னபோது, என் கணவர் களஞ்சியம் அவருக்கு நன்றி சொன்னார். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை என்று பஸ்ஸில் வரும்போது என்னிடம் சொன்னார்.

கையில் விதை வைத்த வருடம் என் நாத்தனாருக்கு வளைகாப்பு. வளையல் போட வரிசையாகப் பெண்கள் போனார்கள். என்னை யாரும் தடுக்கவில்லை. “நம்பு, நீ அந்தப் பாயசத்த ஒரு எட்டு பாரேன்” என்று என் பெயர் சொல்லி அனுப்பினார்கள், அவ்வளவுதான். அடுப்படியில் நின்று கரண்டியைப் பிடித்தபடி, இன்னொரு கையால் என் மேல்கையைத் தொட்டுக்கொண்டேன். நானும் சுமக்கிறேன் என்று நினைத்தேன். சிறுபிள்ளைத்தனம்தான். ஆனால் அந்த நினைப்பில்தான் பாயசம் அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டேன்.

ஊரில் என்னைப் புல்லுக்கு வாக்கப்பட்டவள் என்பார்கள். நான் மறுத்ததில்லை. குளிக்கும்போது அந்தக் கையை மட்டும் மெதுவாகத் தேய்ப்பேன். காய்ச்சல் வந்தால் எனக்காக அல்ல, அதற்காகப் பயப்படுவேன். களஞ்சியம் தூக்கத்தில்கூட அந்தப் பக்கம் சாய மாட்டார்.

மற்ற சுமப்பாளர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். ஒருவருக்குப் புற்றுநோய் சிகிச்சை, ஒருவர் துபாய்க்கு மகனிடம், ஒருவருக்கு வெறுமனே அலுத்துவிட்டது. போன மழைக்கு, கடைசிவரை சுமந்த பக்கீர் காக்காவும் இறந்தார். உடம்பு குளிர்ந்தால் சில மணி நேரத்தில் விதையும் போய்விடும். ஹில்டா வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. திரும்பி வந்து என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். “இனி நீ மட்டும்தான் மக்ளே” என்றார்.

அதனால்தான் முட்டையைத் தட்டில் வைத்துவிட்டு அப்படியே ஆய்வகத்துக்குப் போனேன்.

ஹில்டா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சீழ் இல்லை, சூடு இல்லை. ரத்தம் எடுத்து இயந்திரத்தில் வைத்தார். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

“கடைசியா எப்பம் குளிச்சே?”

“இப்பத்தான் காலையில.”

“அது இல்ல பிள்ளே.”

எனக்குப் புரிவதற்கு நேரமானது. கணக்குப் பார்ப்பதை நான் நிறுத்திப் பல வருடங்கள் ஆகியிருந்தன. தினமும் கர்ப்பிணிகளை எடை பார்க்கிறவள் நான். மூன்று மாதப் பெண்ணை நடையை வைத்தே சொல்லிவிடுவேன். என்னை நான் பார்க்கவே இல்லை.

“பெரிய டாக்டர் சொன்னாரே” என்றேன்.

“பெரிய டாக்டருக்குத் தெரியல. புல்லுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒனக்க ரத்தத்துல ஹார்மோன் மாறினதும் முழிச்சிட்டு. அதுதான் அரிப்பு.”

அவர் என் தலையில் கை வைத்தார். சந்தோஷமாகத்தான் சிரித்தார். ஆனால் மற்றொரு கை மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தது. அதை நான் பார்த்தேன்.

“முழிச்சா என்னாகும்?”

“முளை விடும். உள்ள இருந்தா ஒனக்கு ஆபத்து. அதுக்கு முந்தி உறையை எடுத்துருவோம்.”

“வெளிய எடுத்தா?”

“பாக்கலாம்.”

“டாக்டர், நான் கேட்டா நேரா சொல்லுவீங்கல்ல.”

“ரெண்டு எலை விடும். பொறவு கருகும். எப்பவும் அப்படித்தான் ஆயிருக்கு.”

“வேற வழி இல்லையா?”

அவர் ஊசியை அப்புறப்படுத்தினார். நான் அதே கேள்வியை மறுபடி கேட்டேன்.

“பக்கீர் காக்காவுக்குக் கடும் காய்ச்சல் வந்தப்பம் பாதி முழிச்சது, காய்ச்சல் விட்டதும் திரும்ப உறங்கிட்டு. இந்தக் கரு இல்லாம ஒடம்பு பழையபடி ஆனா, அதுவும் பழையபடி ஆகும்.” சட்டென்று குரல் கடுமையானது. “நீ கேட்டேன்னு சொன்னேன். அது வழி இல்ல. வீட்டுக்குப் போ. களஞ்சியத்துக்கிட்டச் சொல்லு. சத்துமாவைக் கரைச்சுக் குடி.”

நான் வீட்டுக்குப் போனேன். களஞ்சியத்திடம் சொல்லவில்லை.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பதினான்கு வருடம் காத்திருந்த செய்தி அது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொன்னால் அவர் சந்தோஷப்படுவார். அந்தச் சந்தோஷத்துக்கு முன்னால் நான் யோசிப்பதற்கே இடம் இருக்காது. எனக்கு யோசிக்க வேண்டியிருந்தது. அதுதான் எனக்கே பயமாக இருந்தது. யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு பக்கம் என் பிள்ளை. இன்னொரு பக்கம் புல். இதை யாரிடம் சொன்னாலும் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

ஆனால் யாரும் என்னிடம் எதையும் ஒப்படைக்காத காலத்தில் அந்தப் புல் என்னிடம் வந்தது. என் உடம்பு ஒன்றுக்கும் ஆகாது என்று எல்லோரும் முடிவு செய்தபோது, இது போதும், இந்தச் சூடு போதும் என்று அது தங்கியது. இப்போது வயிற்றில் வந்திருப்பது என்னைக் கேட்டு வரவில்லை. இத்தனை வருடம் ஏன் வரவில்லை என்று அதன்மேல் எனக்கு ஒரு கோபம்கூட இருந்தது. ஒரு கடுகளவு உயிரிடம் கோபித்துக்கொண்டு, அதற்காக அழுதுகொண்டு, மையத்தில் எடை போடும் தொட்டிலில் அடுத்தவள் பிள்ளையைக் கிடத்தி, முள் நிற்பதற்காகக் காத்திருந்தேன்.

சில நாட்கள் இப்படிப் போயின. ஒரு காலை மழை பெய்திருந்தது. மையத்தின் படிகள் பாசி பிடித்தவை; எப்போதும் தாவித்தான் இறங்குவேன். அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தேன். பாதியில்தான் அதைக் கவனித்தேன். யாரும் சொல்லாமல், நானே தீர்மானிக்காமல், என் கை சுவரைத் தேடிப் போயிருந்தது.

அன்று மாலை களஞ்சியத்தின் பட்டறைக்குப் போனேன். டீசல் வள்ளங்கள் போய் பேட்டரி வள்ளங்கள் வந்த பிறகு அவர் மோட்டார் வேலை கற்றுக்கொண்டு ஒரு கொட்டகை போட்டிருக்கிறார். ஒரு மோட்டாரின் வயிற்றுக்குள் கையை விட்டபடி உட்கார்ந்திருந்தார். இரண்டு விஷயத்தையும் சொன்னேன், பிள்ளையையும் விதையையும்.

அவர் கையை வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் ஏதோ நின்றுவிடும் என்பதுபோல் அப்படியே இருந்தார்.

“எப்பத் தெரிஞ்சுச்சு?”

“போன வாரம்.”

“ஒரு வாரமா தனியாவா வச்சிருந்த?”

அந்தக் கேள்வியில் குற்றம் இல்லை. அதனால்தான் அழுகை வந்தது. அவர் கழிவுத்துணியில் கையைத் துடைத்து, அழுக்குப் போகவில்லை என்று பார்த்து, புறங்கையால் என் முகத்தைத் துடைத்தார்.

“எனக்கு அந்தப் புல்லு போறது தாங்கல. எனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா?” என்று கேட்டேன்.

“புடிச்சாப் புடிச்சிட்டுப் போகுது. எம்புட்டு வருசம் நானே அந்தக் கைப்பக்கம் படுக்காம கெடந்திருக்கேன். எனக்கு மட்டும் தாங்குமா?” கொஞ்ச நேரம் யோசித்தார். “என் கையில வைக்கச் சொல்லு. சும்மாதானே கெடக்கு.”

மறுநாள் இருவரும் ஆய்வகத்துக்குப் போனோம். ஹில்டா தலையை ஆட்டினார். “ஒனக்கு உறை வளர ஆறு மாசம் ஆகும் களஞ்சியம். அதுக்குள்ள இது போயிரும்.”

“போனாப் போகட்டும் டாக்டரம்மா. கூடு வளரட்டும்.”

“எதுக்கு?”

“தெரியல. ஏதாச்சும் செஞ்சாத் தேவல.”

ஹில்டா அவர் கையிலிருந்து ஒரு துணுக்குத் தோலை எடுத்தார். சுமக்கப் போவதாகச் சொன்னவர், ஊசியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

டிசம்பரில் என் உறையை வெளியே எடுத்தார்கள். கையை மட்டும் மரக்கச் செய்திருந்தார்கள். பார்க்க வேண்டாம் என்று ஹில்டா சொன்னார், நான் பார்த்தேன். கண்ணாடித் தட்டில் உறை பிரிந்தபோது, ஒவ்வொரு விதையிலிருந்தும் ஒரு வெள்ளை நூல் வெளியே வந்திருந்தது. எல்லாம் ஒரே பக்கமாக வளைந்திருந்தன. என் உடம்பு இருந்த பக்கம்.

பவளச் சல்லியும் கடல்மணலும் கலந்த தட்டுகளில் அவற்றை நட்டார்கள். முதல் இலை வந்தது. இரண்டாவது வந்தது. அந்த வாரம் ஹில்டா ஆய்வகத்திலிருந்து எனக்குப் போன் செய்யவே இல்லை. நானும் கேட்கவில்லை. இறந்தவர் வீட்டில் பேசாமல் இருப்பதுபோல் இருந்தோம்.

பிறகு ஒரு நாள் அவரே மையத்துக்கு வந்தார். குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சின்ன நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முழங்கால்கள் முகத்துக்கு நேராக வந்தன.

“மூணாவது எலை விட்டிருக்கு” என்றார்.

இருளாயி சத்துமாவு கரைத்த டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள்.

“எல்லாத்துலயுமா?”

“எல்லாத்துலயும். நான் ரெண்டு நாளா உறங்கல நம்பு. ஏன் ஏன்னு யோசிச்சேன்.” டம்ளரைக் குடிக்காமல் உருட்டிக்கொண்டிருந்தார். “அந்தத் தீவுல ஆலாப் பறவை கூட்டம் கூட்டமா வந்து முட்டையிடும். அது வந்து போன பொறவுதான் புல்லு முளைக்கும். நான் மழைன்னு நெனச்சேன். ஆலா அடைகாக்கும்போது வயித்துல எறகு உதிர்ந்து வெறும் தோலா இருக்கும். முட்டைக்கு நேரா சூடு போகணும்லா. அந்த விதைக்க ஊசி எதுக்குன்னு நெனச்சே? அந்தத் தோல்ல ஏறத்தான்.”

“பறவைக்கு வலிக்காதா?”

“ஒனக்கு வலிச்சுதா?”

“அரிச்சுது.”

“அவ்வளவுதான். ஏறி, ரத்தச் சூட்டுல கெடந்து, அந்தத் தாய்க்க ஒடம்புல இருந்து ஒரு சேதி கேக்கும். இங்க ஒருத்தி முட்டை வச்சிருக்கா. அப்படின்னா இது தண்ணி ஏறாத மேடு. இங்க முளைக்கலாம். அந்தச் சேதி இல்லாம முளைக்க வச்சா, அதுக்கு வாழத் தெரியல.”

ஹில்டா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளை பெறக்கூடியவங்களுக்கு வைக்கக்கூடாதுன்னு விதி எழுதினது நான்தான். பொம்பளைங்களுக்கு ஒரு கேடும் வரக்கூடாதுன்னு எழுதினேன். கிழவங்களையும், வத்திப்போனவங்களையும், ஒன்னை மாதிரி…” அவர் நிறுத்தினார்.

“மலடின்னு சொல்லுங்க. கேட்டுப் பழகினதுதான்.”

“பழகாண்டாம்” என்றார் ஹில்டா. “இத்தனை வருசம் அதை எழுப்பவே முடியாதவங்களாப் பாத்துப் பாத்துத் தூங்க வச்சிருக்கேன்.”

புல் வளர்ந்தது. மே மாதம் கதிர் வந்தது. அது ஒரு பருவப் புல்; விதை விட்டதும் காய்ந்துவிடும். காய்ந்தது. இப்போது ஹில்டாவிடம் ஒரு டம்ளர் நிறையப் புது விதை இருந்தது. உதிர்ந்த பிறகு சில வாரங்கள்தான் அவை வெளியே தாங்கும். அதற்குள் ஓர் உடம்பு வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் வசீகரன் சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அரிய தாவரங்களுக்கான திட்டத்தின் அலுவலர். சின்ன வயது, நல்ல மரியாதை. ஆப்பிளும் மாதுளையும் வாங்கி வந்திருந்தார். நான் எழுந்திருக்கப் போனபோது, “உக்காருங்கம்மா, உக்காருங்க” என்று பதறினார். எட்டு மாத வயிறு எனக்கு.

“உங்களாலதான் இது நடந்திருக்கு. அடுத்த கட்டம்தான் முக்கியம்” என்றார். “அண்ணனோட உறை தயாரா இருக்குன்னு டாக்டர் சொன்னாங்க. ஆண் உடம்புல விதை தூங்கும். எத்தனை வருஷம்னாலும் தூங்கும். எழுப்பணும்னா கர்ப்பிணி உடம்பு வேணும். ரத்தம் பொருந்தினா இன்னும் நல்லது.” என் வயிற்றைப் பார்த்து, கூச்சத்துடன் சிரித்தார். “பெண்ணாப் பொறந்தா ரொம்ப நல்லது. அப்பா கையில வச்சுக் காப்பாத்தி, வளர்ந்த பிறகு பொண்ணு கையில குடுத்துடலாம்.”

எங்கள் தெருவில் பெண் பிறக்கட்டும் என்று ஒருவர் வாய்விட்டு வேண்டியதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

“அதுவரைக்கும் மத்த தாய்மார்களைச் சேர்க்கலாம். கட்டாயம் இல்ல. ஊட்டச்சத்து, மாச உதவித்தொகை எல்லாம் உண்டு. உங்க மையத்துல பதிவாகிறவங்கதானே? நீங்களே எடுத்துச் சொன்னா நம்புவாங்க.”

அவர் தவறாக எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு சொல்லும் நல்ல சொல். அதனால்தான் எனக்கு வயிற்றைக் கையால் மூடிக்கொள்ளத் தோன்றியது. யார் யார் சம்மதிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தாங்களாகச் சம்மதிப்பவர்களைவிட, மாமியார் சம்மதித்துக் கொண்டுவந்து விடுகிறவர்கள் எத்தனை பேர் என்றும் தெரியும். அவர்களின் கையைப் பிடித்து, தோலைத் தடவி, ஒன்றுமில்லை, அரிக்கும், அவ்வளவுதான் என்று நான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் நம்புவார்கள்.

அவர் போன பிறகு களஞ்சியம் மாதுளையை உரிக்க உட்கார்ந்தார். சார் பேசத் தொடங்கியபோது அவர் முகத்தில் இருந்த பெருமையைக் காணோம்.

“நான் என் கையிலதான் வைக்கச் சொன்னேன்” என்றார். “புள்ள கையில குடுக்கச் சொல்லலையே.”

“இவங்க ஆசப்படுற மாதிரி பொண்ணாப் பொறந்தா, பொறக்கும்போதே அவளுக்கு ஒரு வேல இருக்கும்” என்றேன். “அவ வயசுக்கு வர்ற அன்னிக்கே நாலு பேரு அவ வயித்தப் பத்தி யோசிப்பாங்க. என்னப் பத்தி யோசிச்ச மாதிரி.”

மறுநாள் ஹில்டாவிடம் போனேன். விதைகள் ஈரத்துணியில் இருந்தன. பக்கத்தில் ஒரு சீசாவில் களஞ்சியத்தின் உறை மிதந்துகொண்டிருந்தது, மீனின் காற்றுப்பை போல.

“ஆலா இப்ப எங்க முட்டையிடுது?” என்று கேட்டேன்.

அவர் உடனே புரிந்துகொண்டார். “தனுஷ்கோடிக்கு அங்கிட்டு ஒரு மணல்திட்டுல. அஞ்சாறு வருசமாத்தான் அங்க வருது. ஆனா அது பவளச் சல்லி இல்ல, வெறும் மணல். அடுத்த புயல்ல இருக்குமோ என்னமோ. விதை ஏறுமான்னும் தெரியாது. ஏறினாலும்…”

“தீவுலயும் அதுக்கு யாரும் உறுதி குடுக்கல.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“கொஞ்சம் வச்சிட்டு மிச்சத்தைக் கொண்டுபோனா என்ன? களஞ்சியம் தயாரா இருக்கான்.”

“கொஞ்சம் வச்சா, அந்தக் கொஞ்சத்துக்கு ஒரு கை வேணும் டாக்டர். அவருக்கப்புறம் இன்னொரு கை. எங்கயாவது ஒரு நாள் ஒரு பொம்பளப் புள்ள கைதான்.”

ஹில்டாவின் தலைமுடி முழுக்க நரைத்துவிட்டது. இங்கே வந்தபோது கறுகறுவென்றிருந்தது. நான் அவரிடம் கேட்டது என்ன என்று எனக்குத் தெரியும். அவர் வாழ்ந்த வாழ்வை ஒரு டம்ளரில் கொண்டுபோய் மணலில் கொட்டச் சொல்கிறேன். பிள்ளைக்காகப் புல்லை விட்டபோது எனக்கு வேறு வழி இருக்கவில்லை. இப்போது வழி இருந்தது, அதுவும் வீட்டிலேயே, என் கணவரின் கையில். வழி இருக்கும்போதே விடுவது வேறு மாதிரி வலித்தது.

“விதையை இயற்கையில விடுறதுக்குக் கையெழுத்துப் போட எனக்கு அதிகாரம் உண்டு” என்றார் கடைசியில். “இந்த மாசக் கடைசி வரைக்கும். பொறவு ஓய்வு.” ஈரத்துணியை மூடினார். “வசீகரனுக்கு நான் சொல்லிக்கிடுவேன். ஒனக்க பேரு இதுல வராது.”

கடல் கண்ணாடி மாதிரி இருந்த ஒரு நாள் வள்ளத்தில் போனோம். நான் வரக்கூடாது என்று இருவரும் என்னோடு சண்டை போட்டார்கள். “அது என் ரத்தத்துல கெடந்தது. வழியனுப்ப வருவேன்” என்றேன். களஞ்சியம் வள்ளத்தை ஒரு முட்டையைக் கொண்டுபோவதுபோல் ஓட்டினார். அரைமணி நேரத்துக்கு ஒருமுறை, “என்ன பண்ணுது?” என்று கேட்டார்.

“உங்களப் பாத்தா எரிச்சலா வருது. வேற ஒண்ணும் பண்ணல.”

திட்டில் கால் வைத்ததும் ஆலாக்கள் எழும்பின. வானமே கத்துவதுபோல் இருந்தது. தலைக்கு மேல் பாய்ந்து பாய்ந்து கொத்த வந்தன. களஞ்சியம் தண்ணீர் இறைக்கும் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். “நல்லதுக்குத்தான் வந்துருக்கோம், கொத்தாதீங்கடி” என்று வாளிக்குள்ளிருந்து குரல் வந்தது. முட்டைகள் மணலோடு மணலாகக் கிடந்தன. கூடு என்று எதுவும் இல்லை. சும்மா ஒரு பள்ளம். வெயிலில் முட்டை வெந்துவிடும், சீக்கிரம் என்றார் ஹில்டா. நாங்கள் மூவரும் குனிந்து, ஒவ்வொரு பள்ளத்தின் ஓரத்திலும் சில விதைகளை உதிர்த்துக்கொண்டே போனோம். என்னால் குனிய முடியவில்லை, மண்டியிட்டு நகர்ந்தேன். டம்ளர் காலியானதும் ஹில்டா அதைக் கவிழ்த்துத் தட்டினார். பிறகு விரலை விட்டுத் துழாவிப் பார்த்தார்.

வள்ளத்துக்குத் திரும்பினோம். பறவைகள் ஒவ்வொன்றாக இறங்கின. இறங்கி, அசைந்து அசைந்து, வயிற்றைப் பள்ளத்தில் பொருத்தி உட்கார்ந்தன. கத்தல் அடங்கியது.

“எப்ப வந்து பாக்கணும் டாக்டரம்மா?” என்றார் களஞ்சியம்.

“வரக்கூடாது. வந்தா இதுக எந்திரிக்கும். எந்திரிச்சா முட்டை சாவும்.” கடலைப் பார்த்தபடி சொன்னார். “பொறவு மழை வந்துரும். திட்டு இடம் மாறும். அடுத்த வருசம் ஆலா எங்க இறங்குமோ, அதுக்குத்தான் தெரியும்.”

அதை அவர் முன்பே யோசித்து வைத்திருந்தார் என்று புரிந்தது. முளைத்ததா என்று பார்க்க முடியாது என்பதையும் சேர்த்துத்தான் சம்மதித்திருக்கிறார். திரும்பும் வழியில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. உள்ளே பிள்ளை உதைத்தது. தோள் மரத்துப்போனாலும் கரை வரும்வரை நான் அசையவில்லை.

ஜூலையில் பிறந்தது ஆண்.

வசீகரன் சார் பார்க்க வந்தார். இந்த முறையும் மாதுளை. விதை போன விஷயத்தில் அவருக்கு மேலிடத்தில் நிறைய ஏச்சு என்று கேள்விப்பட்டிருந்தேன். தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, “நல்ல எடைம்மா” என்றார். அவர் போன பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. எந்தப் பெண்ணுக்காக அதையெல்லாம் கொண்டுபோய்க் கொட்டினேனோ, அவள் வரவே இல்லை. களஞ்சியத்தின் கையில் வைத்திருந்தால் இப்போதும் உறங்கிக்கொண்டிருக்கும். சில நாட்கள் அந்த நினைப்பு என்னை விடவில்லை. பால் கொடுக்கும்போது இடது கை லேசாக இருப்பதுபோல் இருக்கும்.

மறுபடி வேலைக்குச் சேர்ந்த அன்று மையத்துக்கு ஒரு பெண் வந்தாள். செல்வநாச்சி. பத்தொன்பது வயது இருக்கலாம். மூன்றாவது மாதம். பின்னால் அவள் மாமியார் நின்றார்.

“ஏதோ புல்லு வச்சா மாசம் பணம் தருவாகன்னு சொன்னாகளே” என்று மாமியார் ஆரம்பித்தார். “இவளுக்கு வைக்கலாந்தானே? ஒடம்பு நல்ல ஒடம்பு.”

செல்வநாச்சி இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

“அதெல்லாம் இப்ப இல்லத்தா. விதையே இல்ல” என்றேன்.

அவளை எடைமேடையில் ஏற்றினேன். முள் ஆடி நிற்கும்வரை காத்திருந்து குறித்துக்கொண்டேன். சத்துமாவுப் பொட்டலங்களைக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நின்றாள், இன்னும் ஏதாவது கேட்பேன் என்று நினைத்தாளோ என்னவோ.

“வேற ஒண்ணும் இல்லையாக்கா?”

“ஒண்ணும் இல்ல” என்றேன். “படியில பாத்து இறங்கு.”